அப்பாவுடன் காலைச் சிற்றுண்டிக்குப் போகும் முன் யாராவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டியவை

வயதான பெற்றோரை விடிகாலையில் வெளியே அழைத்துச் சென்று, காற்றாட நடக்க வைத்து, பிறகு அவர்களுக்குப் பிடித்த இடத்தில் சூடாகச் சிற்றுண்டி வாங்கிக் கொடுப்பதைப் போல நிறைவு தரும் காரியம் எனக்குத் தெரிந்து வேறில்லை. அம்மா காலமான பிறகு அப்பாவும் நானும் மனம்விட்டுப் பேசிக்கொண்டதெல்லாம் அப்படிப்பட்ட ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில்தான். ஒரு பங்குனி மாதத்தில் அத்தகைய ஒரு காலையில், மயிலாப்பூரில் ஒரு சிற்றுண்டிச் சாலையின் வாசலில் அப்பா நினைவிழந்து சரிந்தார். மாரடைப்போ பக்கவாதமோ இல்லை. இரத்தத்தில் சர்க்கரை அளவு தாழ்ந்துபோனதுதான் காரணம். சர்க்கரை நோயாளிகள் உள்ள வீடுகளில் சர்க்கரை ஏறுவதைப் பற்றி ஓயாமல் பேசுகிறோம். அது இறங்குவதைப் பற்றி எங்களிடம் அதுவரை ஒருவரும் பேசியதில்லை. எங்களைப் போலவே ஞாயிறு காலையில் பெற்றோருடன் கிளம்பும் குடும்பங்கள் ஏராளம் என்பதால் நடந்ததை விரிவாக எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. இதிலுள்ள மருத்துவச் செய்திகள் அப்பாவைப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவை. மருந்தையோ அளவையோ மாற்றுவதென்றால் உங்கள் மருத்துவரைக் கேட்டே செய்யுங்கள்.

எங்கள் வழக்கம் இதுதான். ஐந்தரை மணிக்குள் வீட்டை விட்டுக் கிளம்பி, மெரினாவில் காந்தி சிலைக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் இடையே நடப்போம். அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. ரயில்வேயில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நடை மெதுவாக இருந்தாலும் நிற்காமல் நடப்பார். வெயில் ஏறும் முன் மயிலாப்பூருக்கு வந்து சிற்றுண்டி. சில வாரங்களில் ராயர் மெஸ்ஸுக்குப் போவோம். திருவல்லிக்கேணிப் பக்கம் போக நேர்ந்தால், 1948 முதல் இருந்துவரும் ரத்னா கஃபேயில் இட்லி மூழ்குமளவு சாம்பார் ஊற்றி வாங்கித் தருவேன். அதன்பின் கபாலீசுவரர் கோயில் குளத்தைச் சுற்றி ஒரு நடை, வடக்கு மாட வீதியில் காய்கறி, பூ. வீட்டுக்குத் திரும்ப ஒன்பதரை ஆகிவிடும். அவசரப்படாமல் இருப்பதற்காகவே அந்தக் காலையை ஒதுக்கி வைத்திருந்தோம். கைபேசியைக் கூட நான் வெளியே எடுப்பதில்லை. பள்ளி நாள்களில் அப்பா பட்ட கஷ்டங்கள், அம்மாவைப் பெண் பார்க்கப் போன கதை, அவர் முதல் சம்பளத்தில் என்ன வாங்கினார் என்பதெல்லாம் எனக்கு அந்த நடைகளில்தான் தெரியவந்தது.

அப்பாவுக்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் என்ற மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரையைக் காலையில் சாப்பிட்டு வந்தார். இரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால். சர்க்கரை மாத்திரையின் உறையில் ‘காலை, சாப்பாட்டுக்கு முன்’ என்று மருந்துக் கடையில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். வீட்டில் ஏழு மணிக்குச் சிற்றுண்டி என்பதால் ஆறரைக்கு மாத்திரை போடுவது அவருடைய பழக்கம். அந்த ஒழுங்கை அவர் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. வெளியே போகும் நாள்களில் மாத்திரையைச் சட்டைப் பையில் எடுத்து வந்து, கடற்கரையில் உட்கார்ந்து, ஆறரைக்குச் சரியாகத் தண்ணீர் விட்டு விழுங்குவார். மருத்துவர் சொன்னபடி நேரம் தவறாமல் மருந்து சாப்பிடுகிறார் என்று நானும் பெருமைப்பட்டிருக்கிறேன்.

அன்று வழக்கத்தைவிட வேறாக நடந்தவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். முந்தைய நாள் சனிக்கிழமை என்பதால் இரவு பலகாரம் மட்டும், அதுவும் அரைகுறையாகச் சாப்பிட்டிருந்தார். காலையில் சர்க்கரை போடாத காபி. கடற்கரையில் தன்னோடு வேலை பார்த்த ஒருவரைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு சந்தித்த சந்தோஷத்தில், அவரோடு பேசிக்கொண்டே உழைப்பாளர் சிலை வரைக்கும் போய்த் திரும்பினார். நடைபாதை ஓரத்தில் விற்ற அருகம்புல் சாற்றை இருவரும் ஆளுக்கொரு குவளை குடித்தார்கள். நாங்கள் மயிலாப்பூருக்கு வந்து சேர்ந்தபோது ஏழே முக்கால் தாண்டிவிட்டது. மாட வீதிகளை ஒட்டிய அந்தச் சிற்றுண்டிச் சாலை சிறியது. வாசலில் பெரிய கூட்டம். பெயரைக் கொடுத்துவிட்டுத் திண்ணை ஓரத்தில் நின்றோம். எனக்கு அதில் எந்தக் குறையும் தோன்றவில்லை. உள்ளேயிருந்து நெய்யும் மிளகும் பொரியும் மணம் வந்துகொண்டிருந்தது. அப்பா பேச்சுத் துணையோடுதான் நின்றார். ஞாயிற்றுக்கிழமைதானே என்று இருந்தோம்.

முதலில் அவர் பேச்சு குறைந்தது. பிறகு, நம் பெயரைக் கொடுத்தாயா என்று கேட்டார். கொடுத்துவிட்டேன் என்றேன். சிறிது நேரத்தில் அதையே மறுபடி கேட்டார். பெயர் கூப்பிடும் பையனிடம் திடீரென்று குரலை உயர்த்தி, எங்களுக்குப் பின்னால் வந்தவர்களை உள்ளே விடுகிறாய் என்று சண்டை பிடித்தார். வாழ்நாளில் ஓட்டல் ஊழியரை ஒருமையில் பேசியிராத மனிதர். காத்திருந்த களைப்பு, பசி, கூட்டம் என்று நினைத்துக்கொண்டு அவரைச் சமாதானப்படுத்தினேன். அப்போது அவருடைய சட்டையின் முதுகுப் பக்கம் முழுவதும் உடலோடு ஒட்டியிருந்தது. கழுத்திலிருந்து வியர்வை ஒழுகியது. ஆனால் கையைத் தொட்டால் சில்லென்றிருந்தது. உட்காருங்கள் அப்பா என்று நான் சொல்லி முடிப்பதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டே சரிந்து விழுந்தார். கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை.

அடுத்த சில நிமிடங்களை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் நல்லவர்கள். ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். ஒருவர் ஹார்ட் அட்டாக் என்றார். ஒருவர் வாய் கோணியிருக்கிறது, பக்கவாதம் என்றார். ஒரு பெண்மணி உள்ளேயிருந்து சர்க்கரை போட்ட காபியை எடுத்து ஓடிவந்தார். இன்னொருவர், இவர் சுகர் பேஷன்ட்டா என்று என்னிடம் கேட்டு, நான் ஆமாம் என்றதும், அப்படியானால் சர்க்கரையைக் கொடுத்துவிடாதீர்கள் என்று அவரைத் தடுத்துவிட்டார். எனக்கும் அதுவே சரி என்று பட்டது. யாரோ வாயில் தண்ணீர் ஊற்றினார்கள். அது விழுங்கப்படாமல் கடைவாய் வழியாக வழிந்தது. தம்பி புனேயில் இருக்கிறான். கணவர் வேலை நிமித்தம் வெளியூரில் இருந்தார். அத்தனை பேர் சூழ நின்றும் நான் தனியாக இருந்தேன். அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, இந்தக் காலை நேரத்திலா இப்படி என்று மட்டும் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது.

ஆட்டோவில் ஏற்றிப் போய்விடலாம் என்று பலர் அவசரப்படுத்தினார்கள். நல்லவேளையாகப் பெயர் கூப்பிட்ட அதே பையன் அதற்குள் 108-ஐ அழைத்திருந்தான். தமிழ்நாட்டில் 2008 முதல் இலவசமாக இயங்கிவரும் அந்த ஆம்புலன்சில் பயிற்சி பெற்ற ஒரு பணியாளரும் வருகிறார் என்பதன் முழு அர்த்தம் எனக்கு அன்றுதான் புரிந்தது. வந்த பெண் முதலில் கேட்ட கேள்வி, சர்க்கரை உண்டா, என்ன மாத்திரை, எப்போது சாப்பிட்டார் என்பது. கேட்டுக்கொண்டே விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தார். கருவியில் 38 என்று வந்தது. அந்த நடைபாதையிலேயே கையில் ஊசி ஏற்றி டெக்ஸ்ட்ரோஸ் என்ற குளுக்கோஸ் கரைசலைச் செலுத்தினார். பக்கத்துத் தனியார் மருத்துவமனையை அடைவதற்குள் அப்பா கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்து, என் சட்டை ஏன் இப்படி நனைந்திருக்கிறது என்று கேட்டார். நான் அதுவரை அழவில்லை. அதன் பிறகுதான் அழுதேன்.

இங்கே சில விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இவற்றில் ஒன்று தெரிந்திருந்தால் கூட அவர் விழும் நிலை வந்திருக்காது. நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனாலே அது தாழ்சர்க்கரை. 54-க்குக் கீழே போனால் மூளைக்கே தட்டுப்பாடு. கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகள், நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்பவை. மாத்திரை உள்ளே போய், சாப்பாடு பின்தொடராவிட்டால், இருக்கிற சர்க்கரையும் தீர்ந்துகொண்டே வரும். வெறும் வயிற்றில் நீண்ட நடை என்றால் தசைகளும் தம் பங்குக்கு இழுத்துக்கொள்ளும். அருகம்புல் சாற்றிலும், சர்க்கரையில்லாக் காபியிலும் இறங்கும் சர்க்கரையை ஈடுகட்டும்படியாக ஒன்றுமில்லை. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. ஆகவே உங்கள் வீட்டுப் பெரியவர் சாப்பிடுவது எந்த வகை என்று அட்டையைத் திருப்பி, கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். கம்பெனி வைத்த பெயரை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

பொதுவாகச் சர்க்கரை தாழும்போது கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பசி எடுக்கும், வியர்க்கும். இரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்ற மருந்துகளைச் சாப்பிடுபவர்களுக்கு அந்த நடுக்கமும் படபடப்பும் வெளியே தெரியாமல் அமுங்கிவிடும். வியர்வை மட்டும் மிஞ்சும். அப்பாவுக்கு நேர்ந்தது அதுதான். ஆகையால் முதியவர் ஒருவர் காலை வேளையில் காரணமில்லாமல் வியர்த்தால், கேட்டதையே கேட்டால், குணத்துக்குப் பொருந்தாத கோபம் கொண்டால், நாக்கு குழறினால், அதைக் களைப்பு என்று தள்ளிவிடாதீர்கள். அந்த நேரத்தில் அவர் தனக்கு ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார். அவர் சொல்வதை நம்பாமல் குளுக்கோசைக் கொடுங்கள். கையில் பரிசோதனைக் கருவி இல்லாவிட்டாலும் கொடுங்கள். உண்மையில் தாழவில்லை என்றாலும் மூன்று தேக்கரண்டி குளுக்கோசால் பெரிய கெடுதல் வந்துவிடாது. தாழ்ந்திருக்கும்போது கொடுக்காமல் விடுவதுதான் கெடுதல்.

கொடுப்பதிலும் முறை இருக்கிறது. விழுங்கும் நினைவு இருக்கும்வரை சுமார் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று தேக்கரண்டி தூள், கொஞ்சம் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும். தேறவில்லை என்றால் இன்னொரு முறை. தேறியதும் உடனே இட்லியோ பிஸ்கட்டோ ஏதாவது திடமாகச் சாப்பிட வைக்க வேண்டும். சாக்லேட்டும் நெய் மிதக்கும் பொங்கலும் அவசரத்துக்கு உதவா. கொழுப்பு இருப்பதால் சர்க்கரை இரத்தத்தில் சேரத் தாமதமாகும். கடற்கரையில் கைக்கெட்டும் இளநீரிலும் போதிய சர்க்கரை இல்லை. வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் கலந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நாம் காபியில் போடும் சர்க்கரையும் சரிப்படாது. அந்த மருந்தின் வேலையே சர்க்கரையும் மாவுப்பொருளும் குடலில் உடைவதைத் தாமதப்படுத்துவதுதான். அவர்களுக்குத் தூய குளுக்கோஸ்தான் வேண்டும். நம் ஊரில் மூன்று மருந்து சேர்ந்த மாத்திரையைப் பெருவாரியானவர்கள் சாப்பிடுகிறார்கள், ஆனால் இதை நான் கேட்ட வரையில் அவர்களில் யாருக்கும் தெரியவில்லை. நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மூச்சுக் குழாயில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழைக்க வேண்டும்.

மருத்துவமனையில் நடந்ததையும் சொல்கிறேன். அப்பா தெளிவாகப் பேச ஆரம்பித்துவிட்டதால் மதியத்துக்குள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். அவசரப் பிரிவு மருத்துவர் அதற்கு ஒப்பவில்லை. இந்த வகை மாத்திரையின் வேலை ஒரு நாள் வரை நீடிக்கலாம், முதியவர்களுக்குச் சர்க்கரை மறுபடி இறங்கும் என்றார். அவர் சொன்னபடியே பிற்பகலில் மறுபடி இறங்கியது. வீட்டில் தூங்கிக்கொண்டிருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே நான் விரும்பவில்லை. இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியேட்டினின் 1.8 என்று, இயல்பைவிடக் கூடுதலாக வந்தது. சிறுநீரகம் மெல்ல மெல்லத் தளர்ந்து, மருந்து உடம்பிலிருந்து வெளியேறுவது தாமதமாகியிருக்கிறது. மாதந்தோறும் சர்க்கரை அளவை மட்டும் பார்த்துவந்த எங்களுக்கு அதைப் பார்க்கச் சொல்லி யாரும் எழுதித் தரவில்லை.

முன்பணம் 25,000 ரூபாய் கேட்டார்கள். பக்கவாதம் இல்லை என்று உறுதி செய்யத் தலைக்கு ஸ்கேன், இதயத்துக்கு இ.சி.ஜி., இரத்தப் பரிசோதனைகள், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஓர் இரவு எல்லாம் சேர்ந்து 47,000 ரூபாய்க்குப் பக்கத்தில் வந்தது. மருத்துவக் காப்பீடு இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். ஒன்பதே முக்காலுக்குச் சேர்த்தோம். மறுநாள் காலை எட்டு மணிக்கு முன்பே, படுக்கை வேண்டும் என்று அனுப்பிவைத்தார்கள். காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்துவிட்டது. இந்தியாவில் பெரும்பாலான காப்பீட்டுத் திட்டங்களில், பகல்நேரச் சிகிச்சை என்று பட்டியலிட்ட சிலவற்றைத் தவிர, தொடர்ந்து 24 மணி நேரமாவது உள்நோயாளியாக இருந்தால்தான் செலவு கிடைக்கும். அந்த விதி எனக்குத் தெரிந்தது மறுப்புக் கடிதத்தில்தான். காசுக்காக ஒருவரைக் கூடுதலாகப் படுக்க வைக்கச் சொல்லவில்லை. ஆனால் இரவே காப்பீட்டு மேசையில் இருப்பவரிடம் நேரக் கணக்கைக் கேளுங்கள். நோயாளியை இன்னும் கண்காணிக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். எங்களைப் பொறுத்தவரை, மறுநாள் பகல்வரை வைத்துப் பார்த்திருக்க வேண்டும் என்றுதான் பின்னர் பார்த்த சர்க்கரை நோய் மருத்துவர் சொன்னார்.

பணம் போனதைவிட எனக்கு அதிகம் வலித்தது வேறொன்று. வீட்டுக்கு வந்த பிறகு அப்பா வெளியே வர மறுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கம்போல எழுந்து, குளித்து, திருநீறு இட்டுக்கொண்டு, செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கிளம்பலாமா அப்பா என்றால், நீ போய்விட்டு வாம்மா, எனக்கு வரும்போது இரண்டு வடை வாங்கிக்கொண்டு வா என்பார். நாலு பேர் நடுவில் விழுந்தது அவருக்குப் பெரிய அவமானமாக இருந்தது. அந்தப் பையனைத் திட்டியதை யாரோ சொல்லக் கேட்டு, அதை நினைத்து நினைத்துக் குறுகினார். பயத்தால் அவர் சர்க்கரையை ஏற்றியே வைத்துக்கொள்ளலாம் என்று ரகசியமாக மாத்திரையை விடவும் ஆரம்பித்தார். அட்டையை எண்ணிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். பங்குனியில் நின்ற எங்கள் காலை நடை ஆவணி வரைக்கும் நின்றே கிடந்தது. இப்படி ஒருவர் விழுந்து எழுந்தபின், அது நோயின் குணமே தவிர அவருடைய குணம் அல்ல என்று வீட்டிலுள்ளவர்கள் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. மருத்துவர் சொன்னபோதுதான் அப்பா அதைக் கொஞ்சம் நம்பினார். ஆகவே அடுத்த சந்திப்பில் அவரை உடன் வைத்துக்கொண்டு, மருத்துவர் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

அந்தச் சந்திப்பில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது மருத்துவர் அப்பாவின் பழைய பரிசோதனைத் தாள்களைப் பார்த்துவிட்டுச் சொன்னது. மூன்று மாதச் சராசரியான ஹெச்.பி.ஏ.1.சி. 6.4 என்று இருந்ததை நாங்கள் சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்திருக்கிறோம். இந்த வயதில், சிறுநீரகத் தளர்ச்சியோடு, இந்த வகை மாத்திரையும் சாப்பிடுபவருக்கு அது மிகவும் இறுக்கமான கட்டுப்பாடு என்றார் அவர். ஏழரை, எட்டுக்குள் இருந்தாலே போதுமாம். கிளிமிபிரைடு உள்ள கூட்டு மாத்திரையை நிறுத்தி, லினாகிளிப்டினும், அளவு குறைத்த மெட்ஃபார்மினும் எழுதிக் கொடுத்தார். இவை இரண்டும் தாமாகச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. இந்தக் கேள்வியை நீங்களாகவே கேட்க வேண்டும்: இந்த மாத்திரை சர்க்கரையைத் தாழ்த்தி மயக்கம் வரவழைக்குமா, இவருடைய சிறுநீரகத்துக்கு இந்த அளவு சரியா? கேட்காத வரையில் பழைய சீட்டே நகலெடுக்கப்பட்டு வந்துகொண்டிருக்கும்.

ஆவணிக்குப் பிறகு மறுபடி கிளம்பினோம், சித்தியையும் சித்தப்பாவையும் சேர்த்துக்கொண்டு. சித்திக்கு இன்சுலின். ஆகவே அப்பாவுக்கு ஆபத்து குறைந்தாலும் ஜாக்கிரதை குறையவில்லை. இன்றைக்கு நாங்கள் செய்யும் ஏற்பாடுகள் பெரும்பாலும் சித்தியை முன்னிட்டவை. முக்கியமான மாற்றம், மருந்தின் நேரத்தைக் கடிகாரம் தீர்மானிப்பதில்லை. சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய மாத்திரை என்றால், இட்லித் தட்டு மேசைக்கு வந்து வைக்கப்பட்ட பிறகு அதை எடுத்துப் போட்டால் போதும். கொஞ்சம் தாமதமானால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்று மருத்துவரே உறுதியாகச் சொன்னார். சித்தி முன்பு போட்டுக்கொண்டிருந்த கலவை இன்சுலின், சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டிய வகை. ஓட்டலில் அரை மணியை யார் கணக்கிட முடியும்? நிலைமையைச் சொன்னதும், சாப்பிட உட்காரும்போது போட்டுக்கொள்ளக் கூடிய வேறு வகையை அவருடைய மருத்துவர் மாற்றிக் கொடுத்தார். விலை கூடுதல்தான். இப்போது தட்டு வந்ததும், முந்தானை மறைவில் வயிற்றில் பேனாவை வைத்து அழுத்தி, எண்ணிப் பத்து எண்ணிவிட்டு எடுப்பார். பக்கத்து மேசைக்குக் கூடத் தெரியாது. அந்தப் பேனாவை வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போகக் கூடாது; சூட்டில் மருந்து கெட்டுவிடும்.

உணவகத்தைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு இப்போது ருசி மட்டும் கணக்கில்லை. கடை திறக்கும் நேரத்துக்கே போய்விடுகிறோம். எட்டு மணிக்கு மேல் ஞாயிற்றுக்கிழமை எந்த நல்ல இடத்திலும் நிற்க வேண்டியிருக்கிறது. வாசலில் நாற்காலியோ பெஞ்சோ இருக்கிறதா, படி எத்தனை உயரம், வயதானவர்கள் போய்வரக் கூடிய கழிப்பறை உள்ளேயே இருக்கிறதா என்று பார்க்கிறேன். கழிப்பறை விஷயத்தை நம் வீடுகளில் வெளிப்படையாகப் பேசுவதில்லை. சித்தி பல ஆண்டுகள் வெளியே வராமல் இருந்ததற்கு அதுதான் காரணம் என்று என்னிடம் பின்னர் தயங்கித் தயங்கிச் சொன்னார். உட்கார்ந்ததும் அப்பாவுக்கும் சித்திக்கும் தயாராக இருக்கும் இட்லியை முதலில் சொல்லிவிடுகிறேன். நெய் ரோஸ்ட், ரவா தோசை எல்லாம் அதன் பிறகு ஆற அமர வரட்டும். கூட்டம் அதிகமாக இருந்தால், இன்சுலின் போடுபவர் இருக்கிறார், ஒரு தட்டு இட்லி மட்டும் முதலில் கொடுங்கள் என்று பரிமாறுபவரிடம் சொல்லத் தயங்குவதில்லை. சொன்ன இடங்களிலெல்லாம் உடனே கொண்டுவந்திருக்கிறார்கள்.

அப்பாவின் சட்டைப் பையில் இப்போது இரண்டு பொருள்கள் நிரந்தரமாக இருக்கின்றன. ஒன்று, சிறிய டப்பாவில் குளுக்கோஸ் தூள். மற்றொன்று, அவருடைய பெயர், நோய், மருந்துகள், என் எண், தம்பியின் எண் எழுதி லேமினேட் செய்த அட்டை. அதில் தமிழில் பெரிய எழுத்தில், ‘நான் குழப்பமாகப் பேசினாலோ அதிகமாக வியர்த்தாலோ எனக்குக் குளுக்கோஸ் கொடுக்கவும்’ என்று எழுதியிருக்கிறேன். என் கைப்பையில் பரிசோதனைக் கருவி இருக்கிறது. நடையை ஆரம்பிக்கும் முன்பு சித்திக்கு ஒரு முறை பார்த்துவிடுவோம், 100-க்குக் கீழே இருந்தால் முதலில் இரண்டு மூன்று பிஸ்கட், பிறகுதான் நடை. வெறும் வயிற்றில் பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கப் போகும் நாள்களிலும் இதே கவனம் வேண்டும். பரிசோதனைக் கூடத்தில் வரிசை நீளும் என்பதால் மாத்திரையையும் இன்சுலினையும் உடன் எடுத்துப் போய், இரத்தம் கொடுத்து முடித்து, சாப்பாடு முன்னால் வந்த பிறகே போட வேண்டும். பல குடும்பங்கள் பரிசோதனை முடித்த கையோடுதான் ஓட்டலுக்குப் போகின்றன.

நடையையும் சாப்பாட்டையும் மாதத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டோம். வைகாசி, ஆனியில் சென்னையில் ஐந்தே முக்கால் வாக்கில் சூரியன் உதித்துவிடுகிறது. அந்த நாள்களில் வீட்டிலேயே ஆளுக்கொரு வாழைப்பழமும் பாலும் சாப்பிட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போய், உதயத்தைப் பார்த்து, நடையைக் குறைத்துக்கொண்டு, கடை திறந்ததும் நேராக வந்துவிடுகிறோம். மார்கழி, தையில் ஆறரைக்குப் பக்கத்தில்தான் சூரியன் வருகிறது. அப்போது முதலில் மாட வீதிகளில் பஜனைக் குழுவுக்குப் பின்னால் ஒரு சுற்று, உடனே சிற்றுண்டி, வயிறு நிறைந்த பிறகு கடற்கரை. சாப்பிட்ட பின் நடப்பது சர்க்கரை ஏறாமலிருக்கவும் நல்லது என்பதால் அப்பாவின் மருத்துவருக்கும் இந்த மார்கழி ஏற்பாடுதான் பிடித்திருக்கிறது. அப்பாவுக்கு மட்டும் இன்னும் ஒரு குறை இருக்கிறது: பசித்துப் போய்ச் சாப்பிடும் பொங்கலுக்குத்தான் ருசி அதிகம் என்கிறார். அதற்கு நான் இதுவரை விட்டுக்கொடுக்கவில்லை.